ஏழாம் துண்டுக் காட்டுக்கு நாங்கள் எழுதிய பொய்

எடி மச்சாள் றீற்றா,

போன கிழமை நாயாற்றுக்கு வந்து, சேமக்காலையில் உன் சிலுவைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு விசயம் சொல்லத்தான் வந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் புல்லுச் செருக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டுவிடும் என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன். இன்றைக்கு என்னவென்றால், ஊருக்கே கேட்கட்டும் என்று பேப்பரில் எழுதுகிறேன். ஒரு கிழமைக்குள் எனக்கு இவ்வளவு துணிவு வருமென்று நீ நம்புவாயா?

துணிவு என்று சொல்வதுகூடச் சரியில்லை. கோபம். உன்னில் கொஞ்சம், என்னில் நிறைய, காட்டைப் பற்றி அறிக்கை எழுதினவர்களில் அதைவிட நிறைய. நீ இருந்திருந்தால் இரண்டு பேருமாக வாய் வலிக்கத் திட்டிப்போட்டு, ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். எல்லாவற்றையும் நான் தனியே திட்ட வேண்டிக் கிடக்கிறது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் நீயும் சொந்தமில்லை. நீ நாயாற்றுக் கடற்கரையில் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்து, கடலிலும், கடலோடு சேர்ந்த களப்பிலும் வளர்ந்தவள். நான் விசுவமடு. குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்த ஆட்களின் பேத்தி. உன் கணவர் அன்ரன் அண்ணை முதல் நாளே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். அண்ணைக்குத் தங்கச்சி என்றால் உனக்கு மச்சாள்தானே? அப்படித்தான் நீ எனக்கு மச்சாள் ஆனாய்.

எங்களை ஒன்றாகச் சேர்த்தது அந்த மரக்கணக்கெடுப்பு வேலை. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் என்னென்ன மரம் நிற்கிறது, எத்தனை சாதி, வெட்டி விற்றால் எவ்வளவு பெறும் என்று அளக்கிற வேலை. காட்டை எட்டுத் துண்டாகப் பிரித்திருந்தார்கள். மரத்தின் பெயர் சொல்ல நீ, கொப்பியில் எழுத நான். களப்பில் வலை கட்டுவதற்கு உப்புத் தண்ணீரில் உக்காத தடி தேடிச் சின்ன வயதிலிருந்தே காட்டுக்குள் திரிந்தவள் நீ. வீரையையும் காயாவையும் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லுவாய். கத்தி நுனியால் பட்டையில் ஒரு சின்னக் கீறல் போட்டு, மணந்து பார்த்து, "இது விண்ணாங்கு, எழுது" என்பாய். ஒரு முறையும் பிழைத்ததில்லை.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? மரத்தின் சுற்றளவை நெஞ்சுயரத்தில் அளக்க வேண்டும் என்று எங்களுக்கு மேலதிகாரியாக இருந்த சேர் விளங்கப்படுத்தினார். நீ சும்மா இருக்க மாட்டாமல், "ஆற்ற நெஞ்சு சேர்? உங்கட நெஞ்சோ, என்ர நெஞ்சோ? ரெண்டுக்கும் ஒரு முழம் வித்தியாசம் கிடக்கு" என்றாய். மனிசன் முகம் சிவந்து, ஒரு தடியை அளந்து வெட்டி உன் கையில் தந்துவிட்டுப் போனார். வேலை நடந்த எட்டு மாதமும் அந்தத் தடியோடுதான் திரிந்தாய். அதற்கு "சேற்ற நெஞ்சு" என்று பெயரும் வைத்தாய்.

ஒவ்வொரு மரத்துக்கும் நான் நாலு விசயம் எழுத வேண்டும். பெயர், சுற்றளவு, உயரம், தரம். நேராக வளர்ந்த நல்ல மரம் தரம் ஒன்று. கோணல் மரம் தரம் இரண்டு. உள்ளுக்குக் கோறையான மரம், எரிந்த மரம், யுத்தத்தில் ஷெல் பீஸ் ஏறின மரம் எல்லாம் தரம் மூன்று. வேறு ஊரில் மரம் அளக்கிறவர்களுக்கு இந்தக் கடைசி விசயம் விளங்காது. எங்கள் பக்கத்தில் மரம் வாங்கி அரிக்கிற மரக்காலைக்காரர்களுக்கு நன்றாக விளங்கும். ஒருநாள் நீயும் நானும் மரவிலை விசாரிக்கப் போயிருந்தபோது ஒருவர் லான்ட் மாஸ்ரர் உழவு மெஷினில் ஒரு முதிரைக் குற்றி கொண்டுவந்தார். முதலாளி குற்றியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கத்து மரம்?" என்று மட்டும் கேட்டார். வந்தவர் இடத்தைச் சொன்னார்.

"ஐயோ அண்ணை, வேண்டாம். கொண்டு போங்கோ. அந்தப் பக்கத்து மரத்தை ஏத்தி போன மாசமும் எனக்கு ஒரு வாள் உடைஞ்சு போச்சு. உள்ளுக்க பீஸ் இருந்தா வெளியில தெரியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில், வெளியில் தெரியாது என்று முதலாளி சொன்னதை நீ இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாய். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஐந்தாம் துண்டில் நடந்ததைச் சொல்லாமல் எங்கள் பொய்யைச் சொல்ல முடியாது. அளந்த ஒவ்வொரு மரத்தின் அடியிலும் இலக்கம் குத்தின தகரத் துண்டு ஒன்றை ஆணி வைத்து அடிப்போம். தரம் ஒன்று மரத்துக்கு மஞ்சள் பெயின்றில் ஒரு வளையம். தரம் இரண்டுக்கு வெள்ளை. மூன்றுக்கு ஒன்றுமில்லை. மேலே இருந்து வந்த கட்டளை அது. எந்த மூளை யோசித்ததோ தெரியாது. இரண்டு மாதம் கழித்து, அளவைச் சரிபார்க்க அதே இடத்துக்குப் போனோம். மஞ்சள் வளையம் போட்ட மரம் ஒன்றுகூட நிற்கவில்லை. அடிக்கட்டைகள்தான் நின்றன. ஒவ்வொரு கட்டையிலும் நான் என் கையால் அடித்த தகரத் துண்டு இருந்தது.

கள்ளன் தேடித் திரியத் தேவையே இருக்கவில்லை, றீற்றா. நல்ல மரம் எதுவென்று நாங்களே பெயின்ற் அடித்துக் காட்டியிருக்கிறோம். கருங்காலி மூன்று, முதிரை ஏழு, அந்தப் பெரிய யாவறணை. நீ யாவறணைக் கட்டையில் குந்தியிருந்து அழுதாய். நான் கொப்பியைத் தூக்கி எறிந்தேன். பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

சேரிடம் சொன்னோம். "எழுதித் தாங்கோ, மேலுக்கு அனுப்புறன்" என்றார். எழுதிக் கொடுத்தோம். அனுப்பினாரோ, அடுப்புக்குள் வைத்தாரோ, எங்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை. ஆறாம் துண்டுக்கும் அதே மஞ்சள் பெயின்ற் வாளி வந்து சேர்ந்தது.

ஏழாம் துண்டின் முதல் மரம் ஒரு முதிரை. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அம்பு மாதிரி நேராக நின்றது. நீ பெயர் சொன்னாய், நான் எழுதினேன். அளவு சொன்னாய், எழுதினேன்.

"தரம்?" என்று கேட்டேன்.

"மூண்டு."

"என்னடி விசரே, நேராத்தானே நிக்குது?"

"மூண்டெண்டு எழுதடி. பக்கத்தில இரும்பெண்டு போடு."

"எங்க இரும்பு?"

"உள்ளுக்க. உனக்கென்ன எக்ஸ்ரே கண்ணோ?"

உன்னைப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. "இரும்பெண்டு எழுதினா ஒரு மரக்காலைக்காரனும் கிட்ட வரமாட்டான். பெயின்றும் அடிக்கத் தேவையில்லை. இந்த மரமாவது நிக்கட்டும்" என்றாய். எழுதினேன். அடுத்த பாலைக்கும் எழுதினேன். அதற்கடுத்த வீரைக்கு நீ சொல்லும் வரைகூட நான் காத்திருக்கவில்லை.

ஏழாம் துண்டு முழுவதும் அப்படித்தான் செய்தோம். நல்ல மரம் எல்லாம் மூன்று. கோணலும் சொத்தையும்தான் ஒன்றும் இரண்டும். படம் எடுக்க ஒருநாள் வந்த சேர், கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "இந்தப் பக்கம் சரியான ஷெல்லடி போல" என்று உச்சுக்கொட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார். அவர் போன பிறகு, அவரை ஏமாற்றிவிட்டோம் என்று நீ நிலத்தில் விழுந்து விழுந்து சிரித்தாய். "பேய்க்காட்டிப்போட்டம் மச்சாள், நல்லாப் பேய்க்காட்டிப்போட்டம்!"

சொல்லத்தான் வேண்டும், அது வேலையும் செய்தது. எட்டாம் துண்டில், பிடிபட்டுவிடுவோம் என்று உள்ளபடியே எழுதினோம்; அங்கே மரம் களவு போனது. ஆறாம் துண்டிலும் போனது. ஏழில் ஒரு கொப்பைக்கூட ஒருவரும் தொடவில்லை. பாலைப்பழக் காலத்தில் நீயும் நானும் அங்கே போய், உதடு ஒட்ட ஒட்டப் பழம் தின்றுவிட்டு வந்தோம். அந்தச் சந்தோசம் பொய்யென்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

மார்கழி மழைக்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஐந்து நாள். ஆறாம் நாள் நீ இல்லை. இதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் ஏலாது.

சரி, இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முந்தி அறிக்கை வந்தது. கொழும்பிலிருந்து வழுவழுப்பான அட்டை போட்டு வந்தது. கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். உன் ஆட்கள், களப்புத் தொழிலாளர்கள், மண்டபம் நிறைய. கொழும்பிலிருந்து வந்தவர் திரையில் படம் காட்டிக் காட்டி வாசித்தார். ஏழாம் துண்டில் மரப்பெறுமதி மிகக் குறைவாம். மரப் பல்வகைமையும் குறைவாம். யுத்தத்தால் சீரழிந்த காடாம். ஆகவே அதைப் பாதுகாப்பிலிருந்து விடுவித்து, முழுவதையும் வெட்டி வெளியாக்கி, தேக்கு நடலாமாம்.

எங்கள் இரண்டு பேரின் கெட்டித்தனம், அந்த மூன்று என்கிற இலக்கம், இப்போது அந்தக் காட்டின் கழுத்தில் கோடரியாக விழுகிறது என்று அப்போதுதான் விளங்கியது. கள்ளனிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, கள்ளன் நூறு வருசம் வெட்டினாலும் முடிக்க முடியாத காட்டை ஒரே நாளில் புல்டோசருக்குக் கொடுத்திருக்கிறோம்.

மரப் பல்வகைமை குறைவு என்று எப்படி வந்தது என்று கேள். நீ சொன்ன பெயர்கள் என் கொப்பியில் இரண்டு பக்கத்துக்கு இருக்கின்றன. பாலை, வீரை, முதிரை, காயா, தேற்றா, பனிச்சை, நறுவிலி, குருந்து என்று. அறிக்கையில் எட்டு வரிதான். தரம் மூன்று மரங்களை அவர்கள் பெயர் சொல்லி எண்ணவே இல்லை. 'ஏனையவை' என்று ஒரு வரியில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் போட்டிருந்தார்கள். விற்க ஏலாத மரத்துக்குப் பெயரும் இல்லையாம்! கண்டறியாத கணக்கு. நாங்கள் தரத்தில்தானே பொய் சொன்னோம்? பெயரில் ஒரு எழுத்தும் பொய் இல்லையே. அந்தப் பெயர்களை அழிக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

மண்டபத்தில் சனம் கொதித்தது. அந்தக் காட்டுக்குள்ளால் வருகிற மழைத்தண்ணீர்தான் களப்புக்குள் இறங்குகிறது, அது இல்லாவிட்டால் இறால் இல்லை என்று உன் ஆட்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. "பொய்! ஆர் அளந்தது? ஆர் அந்தக் காட்டைப் பழுதெண்டு சொன்னது?" என்று கத்தினார்கள். சேர் எழும்பி, அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இரண்டு பெயர் வாசித்தார். ஒன்று உன்னுடையது. ஒன்று என்னுடையது.

அப்போது அன்ரன் அண்ணை எழும்பினார்.

உனக்குத் தெரியும், அந்த மனிசன் பொது இடத்தில் வாய் திறக்கிறவர் இல்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அளந்தது என்ர மனிசி" என்றார். "அவ மோசம்போயிட்டா, இப்ப உயிரோட இல்லை. ஆனா பொய் எழுதிற மனிசியில்லை. அவ பழுதெண்டு எழுதியிருந்தா அது பழுதுதான். எனக்கும் களப்புத்தான் சோறு போடுது. தொழில் போனாலும் போகட்டும். அவவைக் கள்ளி எண்டு ஆரும் சொல்லக்கூடாது."

கத்தினவர்கள் ஒவ்வொருவராகக் கதிரையில் குந்தினார்கள். செத்தவளின் பெயரை எடுத்துப் புருசன் கதைத்த பிறகு ஆர் எதிர்த்துக் கதைப்பார்கள்? சேர் நன்றி சொன்னார். கொழும்பு மனிசர் தலையாட்டிக் குறிப்பு எழுதினார். எல்லோருக்கும் தேத்தண்ணியும் பணிசும் தந்தார்கள். நான் வாங்கினேன், றீற்றா. வாங்கித் தின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

அடுத்த நாள் சேரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். மனிசன் எழும்பிக் கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, வடிவாக் கேளுங்கோ. பிழையா எழுதினனாங்கள் எண்டு நீங்கள் எழுதித் தந்தா எட்டுத் துண்டும் செல்லாமல் போகும். உங்கட வேலை போகும். வழக்கும் வரலாம். அதோட செத்த மனிசியின்ர பேரும் நாறும். பேசாமல் இருங்கோ. எப்பிடியும் அது ஒண்டுக்கும் உதவாத பற்றைக்காடுதானே?"

பற்றைக்காடு! அந்த முதிரையின் கீழ் நின்று சோறு தின்ற மனிசன் சொல்கிற கதை இது. உன் பெயர் நாறும் என்று அவருக்கு என்ன அக்கறை? உன் செத்த வீட்டுக்கு வந்து பத்து நிமிசம் நிற்கவில்லை. இப்போது தன் கையெழுத்துக்கு வருகிற ஆபத்தை மறைக்க உன் பெயரைக் கொண்டுவந்து முன்னுக்குப் பிடிக்கிறார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்குப் பற்றி எரிந்தது. பாதுகாக்கப்பட்ட காடு என்று பெரிய பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். பாதுகாத்த காட்டுக்குள் வந்து மரவிலை விசாரிக்கிறவன் யாருக்காக விசாரிக்கிறான்? பெறுமதி தெரிந்தால்தான் காப்பாற்றலாம் என்று முதல் நாள் வகுப்பில் சொன்னார்கள். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, கிலோ என்ன விலை போகும் என்று யாராவது தராசில் போட்டுப் பார்ப்பார்களா? ஒன்று என்று எழுதினால் கள்ளன் வருகிறான். மூன்று என்று எழுதினால் தேக்கு வருகிறது. அந்த மரம் சும்மா நிற்கட்டும் என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்ததா? இருந்திருந்தால் நீயும் நானும் பொய் சொல்லியிருப்போமா?

இன்னொன்றும் என்னைச் சுட்டது. நாங்கள் எதை எடுத்துப் பொய் சொன்னோம் என்று பார். ஷெல் பீஸ். அன்ரன் அண்ணையின் தொடைக்குள் ஒன்று இப்பவும் கிடக்கிறது. குளிர் நாளில் காலை நீட்ட முடியாமல் நொண்டுகிறார். எங்கள் வீட்டில் அம்மாவின் முதுகில் இரண்டு. இத்தனை வருசத்தில் ஒருவரும் கொப்பி கொண்டுவந்து, எந்த மனிசருக்குள் எத்தனை பீஸ் கிடக்கிறது என்று எண்ணவில்லை. மரத்துக்குள் இருந்தால் வாள் உடைந்துவிடுமே என்றுதான் அதற்கொரு கட்டம் வைத்தார்கள். அந்தக் கட்டத்தைத்தான் நாங்கள் விளையாட்டாக நிரப்பினோம். சனத்தின் நோவை எடுத்துப் பொய்க்குப் பாவித்தது பிழை, மச்சாள். நீ இருந்திருந்தால் என்னோடு சண்டை பிடித்திருப்பாய். பிடித்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

போன கிழமை சேமக்காலையிலிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன். அன்ரன் அண்ணை வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வாங்கோ தங்கச்சி என்று கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதிரை, இரும்பு, பேய்க்காட்டினது, நீ சிரித்தது வரைக்கும். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

அவர் நிமிரவேயில்லை. ஊசி மட்டும் நின்றுவிட்டது. "செத்தவள் வந்து இல்லையெண்டு சொல்லமாட்டாள் எண்டுதானே இப்ப வந்து சொல்லுறியள்?" என்று கேட்டார்.

ஐயோ றீற்றா, அந்தக் கேள்வி! "கொப்பியில இருக்கிறது என்ர எழுத்து அண்ணை. அவவின்ர பேரை விட்டுப்போட்டு, நான்தான் செய்தனான் எண்டு எழுதிக் குடுக்கிறன். உங்களுக்குத் தெரியாமல் செய்ய மனமில்லை. அதுக்குத்தான் வந்தனான்" என்றேன்.

"போங்கோ தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். நான் போனேன். பஸ் முழுக்க அழுதேன். பக்கத்தில் இருந்த மனிசி செத்த வீடோ என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் கழித்துப் போன் வந்தது. "சனிக்கிழமை காட்டுக்குப் போவம். அவ பொய்யா எழுதின மரத்தை எனக்குக் காட்டுங்கோ" என்றார்.

போனோம். முந்தாநாள்தான். முதல் மரம், அந்த முதிரை. இலக்கத் தகரத்தைப் பார்த்து, கொப்பியைத் திறந்து நீட்டினேன். அவர் கொப்பியை வாங்கவில்லை. மரத்தில் கையை வைத்தார். உள்ளங்கையால் தடவிக்கொண்டே ஒருமுறை சுற்றி வந்தார். அண்ணாந்து பார்த்தார். இன்னொருமுறை சுற்றினார். வீக்கமோ, கறுத்த வடுவோ, பிசின் வடிந்த இடமோ ஏதாவது அகப்படாதா என்று தேடினார். நீ உண்மை எழுதியிருக்க வேண்டுமே என்று அந்த மனிசன் ஒரு துளி இரும்பைத் தேடிக்கொண்டு திரிந்தார்.

"ஒரு கீறலும் இல்லை" என்றார் கடைசியாக.

அடுத்த பாலையிலும் இல்லை. வீரையிலும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றார். பதினோராவதோ பன்னிரண்டாவதோ ஒரு பழைய பாலை. அதன் இடுப்பில் பட்டை சுருங்கிக் கறுத்து, ஒரு ஓட்டைக்குள்ளால் இரும்புக் கறள் வழிந்திருந்தது. அதைக் கண்டதும் விறுவிறுவென்று போய் விரலை வைத்தார்.

"தங்கச்சி, இது? இதுக்கும் மூண்டுதானே? இது உண்மைதானே?"

கொப்பியைப் பார்த்தேன். பாலை, மூன்று, இரும்பு. "ஓம் அண்ணை. இது உண்மை."

"ஒண்டையெண்டாலும் உண்மையா எழுதியிருக்கிறா" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த மரத்தடியில் குந்தி, இடுப்புச் சாரத்தால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை. நான் தள்ளி நின்றேன். வேறு என்ன செய்ய?

பிறகு கதைத்தோம். உண்மையைச் சொல்லித் திரும்ப அளந்தால் எல்லாம் ஒன்று என்று வரும், ஒன்று என்று வந்தால் கள்ளர் திரும்ப வருவார்களே என்று என் பயத்தைச் சொன்னேன். "வரட்டும்" என்றார். "மஞ்சள் பெயின்ற் அடிக்க விடேலாது எண்டு முதல்ல சொல்லுவம். தகரமும் வேண்டாம். கள்ளர் வாற பாதை எங்கட பொடியளுக்குத் தெரியாதே? எங்களைக் கேட்டவையே? கேக்காமல்தானே இவ்வளவும் நடந்தது." நீயும் நானும் ஏன் அப்படி யோசிக்கவில்லை? மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கிற ஊரில், இரண்டு பேர் மட்டும் ஒரு கொப்பிக்குள் பொய்யை எழுதிக் காட்டைக் காப்பாற்றப் பார்த்தோமே. ஒருவரிடம், உன் புருசனிடம்கூடச் சொல்லவில்லையே. எனக்கு உன்னில் கோபம் இதற்குத்தான். எனக்கு என்னிலும் இதற்குத்தான்.

வருகிற வியாழக்கிழமை இரண்டாம் கூட்டம். தேக்குக்கு ஊர்ச் சம்மதம் கேட்கிற கூட்டம். நான் எழும்பி எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், உன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அன்ரன் அண்ணைக்குத் திரும்பவும் சொன்னேன். அவர் எழும்பி, சாரத்தில் ஒட்டின சருகைத் தட்டினார்.

"நீங்கள் சொன்னா நம்பமாட்டினம். காசுக்கு மாறிச் சொல்லுறியள் எண்டுவினம். அண்டைக்கு அவ பொய் எழுதமாட்டா எண்டு எழும்பிச் சொன்னவன் நான்தானே? என்ர மனிசி பொய்தான் எழுதினவ எண்டு நானே சொல்லுறன். புருசன் சொன்னா நம்புவினம்."

நான் என்ன சொல்ல, றீற்றா? நீயே சொல்லு, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், இதை வாசிக்கிற எல்லோருக்கும் முன்னால் தருகிறேன். சேரும் வாசிக்கட்டும், கொழும்பும் வாசிக்கட்டும். வேலை போகட்டும், வழக்கு வரட்டும், வருகிறதை வாங்கிக்கொள்கிறேன். வியாழக்கிழமை அன்ரன் அண்ணை எழும்பும்போது அவர் தனியே நிற்கமாட்டார். அவர் பக்கத்தில் நான் நிற்பேன். றீற்றா சொன்னாள், நான் எழுதினேன் என்று அவர் வாய் மூடமுன் சொல்லுவேன். பிறகு நீ சொன்ன அத்தனை மரத்தின் பெயரையும், அந்த இரண்டு பக்கத்தையும், ஒன்றும் விடாமல் எழுந்து நின்றபடி வாசிப்பேன். இருங்கோ என்று சொன்னால் இருக்கமாட்டேன்.

உன் பொய்யில் பாதிக்கு உரிமைக்காரி,
உன் மச்சாள்
கௌரி,
விசுவமடு.